நெல்லைப் பக்கம் நாலுவழிச் சாலை வேலை: மழைக்கு எத்தனை நாள் ஒதுக்குவது?

தாமிரபரணிக்கரை

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். ஒரு நாலுவழிச் சாலை வேலையில் பிளானிங் பிரிவில் இருக்கேன். சாலையின் மேற்கு முனை மலையடிவாரம். நடுவில் ஆத்துப் பாசனம், வயலும் குளமுமா இருக்கும். கிழக்கு முனை கரிசல். நடுவில் ஆத்துப் பாலம் ஒண்ணு, ஏகப்பட்ட கல்வர்ட் (சிறுபாலம்). ஒப்பந்தக் காலம் 24 மாசம், "மழைக்காலம் உட்பட" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

அட்டவணை போடும்போது ஆபீசில் ரெண்டு பேச்சு ஓடுது. ஒருத்தர் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசத்துக்கும் பாதி நாளைக் கழிச்சிரு, வேலை முடிஞ்சுது என்கிறார். இன்னொருத்தர் வானிலை மையத்தின் மாதச் சராசரி மழை நாளை அப்படியே எடுத்துப் போடு, அதுதான் ஆதாரம் என்கிறார். எனக்கு ரெண்டிலும் மனசு ஒப்பவில்லை. ஒரே வேலையில் ஒரு முனையில் ஜூனிலேயே சாரல் விழுது, மறுமுனையில் செப்டம்பர் வரை புழுதி பறக்குது. ஒரே வேலைநாள் காலண்டரை வைத்து எப்படி ஓட்டுவது? இந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்

தம்பி, மழை பெஞ்ச நாளை விட்ருங்க, வேலை நின்ன நாளைக் கணக்கெடுங்க. ரெண்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது.

வானிலை மையக் கணக்குல 2.5 மி.மீ. பெஞ்சாலே அது மழை நாள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் ராத்திரி ஒரு நல்ல மழை அடிச்சுதுன்னா மறுநாள் காலைல வெயில் சுள்ளுன்னு அடிக்கும். அன்னைக்குப் பகல்ல ஒரு சொட்டு மழை கிடையாது. ஆனா வண்டி ஒண்ணும் உள்ள இறங்க முடியாது. டிப்பர் டயர்ல கரிசல் அப்பி அப்பி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரல் விட இடம் இல்லாம அடைச்சுக்கிடும். ரோலரை ஏத்துனா உருளையில மண்ணு ஒட்டி, முந்தாநாள் டெஸ்ட் பாஸான லேயரையே உரிச்சு எடுத்துட்டு வந்துரும். மூணாம் நாள் மேல பார்த்தா காஞ்சு வெடிச்ச மாதிரி இருக்கும், கம்பியால குத்திப் பாருங்க, ரெண்டு அங்குலத்துக்குக் கீழ களியாத்தான் கிடக்கும். அதைப் பார்க்காம மேல அடுத்த லேயர் போட்டவங்க பின்னால தோண்டி எடுத்ததைக் கண்ணால பார்த்திருக்கேன்.

சரி, கணக்குக்கு வாங்க. ஒரு பேச்சுக்கு ஒரு மாசத்துல அஞ்சு மழை நாள்னு வைங்க. கரிசல் காய மூணு நாள்னு வைங்க. அஞ்சும் அடுத்தடுத்து பெஞ்சா இழப்பு அஞ்சும் மூணும் எட்டு நாள். அதே அஞ்சு மழை, இடையில மூணு நாள், நாலு நாள் விட்டு விட்டு பெஞ்சா ஒவ்வொண்ணுக்கும் நாலு நாள் போகும், மொத்தம் இருபது நாள். மாதச் சராசரியில ரெண்டும் "அஞ்சு மழை நாள்"தான். அதனால சராசரி உங்களுக்கு ஆகாது. நாள்வாரி மழை அளவு வேணும், அதுவும் பத்து வருஷத்துக்காவது.

செம்மண், சரள் இருக்கிற இடத்துல இந்தக் கதை கிடையாது. பாளையங்கோட்டைக்குத் தெக்க நல்ல சரள் போட்ட கரையில (ரோட்டுக்கு மண் போட்டு உயர்த்துன மேடு) சாயங்காலம் பெஞ்சா மறுநாள் மத்தியானம் வேலை ஓடும், கரைக்கு வாட்டம் சரியா விட்டிருந்தா.

மண்பரிசோதனை

மேலே அண்ணாச்சி சொன்னதோடு லேப் பக்கக் காரணத்தையும் சேர்க்கிறேன். மத்திய அரசின் சாலைத் தர விதிப்படி கரை லேயருக்கு 95 சதவீத இறுக்கம், மேலே, சாலைத் தளத்துக்கு நேர் கீழே வரும் சப்கிரேடு 500 மி.மீ.க்கு 97 சதவீதம். அந்த இறுக்கம் வரணும்னா மண்ணின் ஈரம் உகந்த ஈரத்துக்கு (மண்ணு அதிகபட்சம் இறுகுகிற ஈரம்) ஒரு சதவீதம் மேலே, ரெண்டு சதவீதம் கீழே என்கிற குறுகிய இடைவெளிக்குள் இருக்கணும். மழை வாங்கிய களிமண் அந்த இடைவெளிக்கு வெளியே வெகு தூரம் போய்விடும். எத்தனை தடவை ரோலர் ஓட்டினாலும் மண்ணு மெத்தை மாதிரி அமுங்கி எழும்புமே தவிர இறுகாது.

இன்னொண்ணு. கரிசலில் பெரும்பாலான இடத்தில் வீக்கச் சோதனை 50 சதவீதத்தைத் தாண்டும். அப்படிப்பட்ட மண்ணைக் கரைக்கே எடுக்கக் கூடாது. ஆக வெளியிலிருந்து சரள் கொண்டுவரணும். சரள் எடுக்கிற பள்ளமும் மழையில் நிறையும், அங்கே போகிற வண்டித்தடமும் கரிசலாத்தான் இருக்கும். சைட் காஞ்சிருந்தாலும் மண்ணு வராமல் வேலை நிக்கிற நாளை யாருமே அட்டவணையில் காட்டுவதில்லை. அக்டோபருக்கு முன்னாடி சைட்டுக்குப் பக்கத்தில் மேட்டு நிலத்தில் குவித்து வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

தாமிரபரணிக்கரை

அண்ணாச்சி, அந்த எட்டு நாள், இருபது நாள் கணக்கு நல்லாப் புரிஞ்சுது. நாள்வாரி மழை அளவு எங்கே கிடைக்கும்? பத்து வருஷம் எடுத்தா அதில் எந்த வருஷத்தை வைத்துத் திட்டம் போடுவது?

கரிசல்காட்டான்

வானிலை மையத்துக்கிட்ட பாளையங்கோட்டை நிலையக் கணக்கு இருக்கு. தாலுகா மழைமானிக் கணக்கு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கு. நம்ம ஊர்ப் பேப்பர்ல அணை மட்டத்தோட சேர்த்து தினமும் போடுதாவல்லா, அதேதான். உங்க வேலைக்கு ஒரே நிலையம் போதாது, மேற்குக்கு ஒண்ணு, நடுவுக்கு ஒண்ணு, கிழக்குக்கு ஒண்ணு எடுங்க.

ஒவ்வொரு வருஷத்துக்கும் நின்ன நாளைக் கணக்குப் போட்டு, மோசமான வருஷம் மேல வர்ற மாதிரி அடுக்குங்க. மேல இருந்து மூணாவது வருஷத்தை எடுத்துக்கிடுங்க. பத்துல ரெண்டு வருஷம்தான் அதை விட மோசமா வரும். சராசரியை எடுத்தீங்கன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு வருஷம் திட்டம் கவுந்துரும்.

பழைய நெடுஞ்சாலைக்காரர்

பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லோரும் வானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தாமிரபரணிப் பாசனத்தில் வேலை பார்ப்பவன் முதலில் வாய்க்காலைப் பார்க்க வேண்டும்.

தம்பியின் சாலை வயல்வெளியைக் கடக்கிறது என்றால் கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கன்னடியன் கால்வாய் என்று ஏதோ ஒன்றையோ அதன் கிளைகளையோ கடந்தே ஆக வேண்டும். அந்தக் கல்வர்ட்டுகளை எப்போது கட்டுவீர்கள்? ஜூன் மாதம் கார் சாகுபடிக்கு அணை திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். அதை அடுத்து பிசான சாகுபடி. அந்த அறுவடை முடிந்து பங்குனி வாக்கில்தான் வாய்க்கால் காயும். ஆக மழை ஒரு சொட்டும் பெய்யாத மாதங்களிலும் உங்களுக்கு வாய்க்கால் கிடைக்காது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோடையில் ஒரு சின்ன இடைவெளி. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். 24 மாத ஒப்பந்தத்தில் அப்படிப்பட்ட கோடை இரண்டுதான் வரும். ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியில் கையெழுத்தானால் முதல் கோடையைக் கையில் இருந்து போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முகாம் போட்டு, சர்வே முடித்து, டிசைன் ஒப்புதல் வாங்குவதற்குள் ஜூன் வந்துவிடும். மீதி ஒரே ஒரு கோடை. அந்த ஒரு கோடையில் எத்தனை கல்வர்ட் முடியும் என்பதுதான் உங்கள் திட்டத்தின் கழுத்து. அதை எண்ணிப் பார்த்து அத்தனை செட் சென்ட்ரிங், அத்தனை கம்பி கட்டும் ஆட்கள் ஏற்பாடு செய்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

நீர்வளத் துறைக்கு வாய்க்கால் அடைப்புக் கடிதம் தை மாதத்திலேயே போய்விட வேண்டும். மார்ச்சில் எழுதினால் பதில் வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும். அவர்களும் அந்த இடைவெளியில் மடை பழுது பார்ப்பார்கள், கால்வாய் தூர் வாருவார்கள். பேசி வைத்துக்கொண்டால் ஒரே அடைப்பில் இரண்டு வேலையும் நடக்கும்.

குளங்களும் அப்படித்தான். குளத்துக்குள் கால் வைக்கும் கரை, பாலம் எல்லாம் கோடையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தை, மாசி வரைக்கும் அந்தப் பக்கம் வேலை கிடையாது. மழை டிசம்பரிலேயே நின்றுவிட்டது, ஜனவரியில் ஏன் வேலை இல்லை என்று மேலே இருந்து கேட்பார்கள். மழை நின்றாலும் குளத்தில் தண்ணீர் நிற்குமே.

ஆற்றுப் பாலத்துக்கு இன்னொரு கணக்கு. சைட்டில் வெயில் அடிக்கும், மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு பக்கம் மலையில் கொட்டும். 1992 நவம்பரில் அதே மலையில் உள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ.க்கு மேல் பெய்தது. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அணை பாதியில் இருந்தால் மலையில் பெய்யும் மழையை அது தாங்கிக்கொள்ளும். விளிம்பில் இருந்தால் வரும் தண்ணீர் முழுக்க கீழேதான் வரும். 2021 பொங்கல் நேரத்தில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள், தை பிறந்துவிட்டது, இனி மழை இல்லை என்று ஆற்றுக்குள் தளவாடம் இறக்கலாமா? அணை மட்டத்தைப் பார்க்காமல் காலண்டரை மட்டும் பார்த்து ஆற்றில் இறங்கக் கூடாது. ஆற்றில் அஸ்திவார வேலை நடக்கும் காலம் முழுக்க தினமும் காலையில் அணை மட்டமும் மலை மழையும் சைட் ஆபீஸ் பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

மறுகால்

நான் ரோட்டு வேலைக்காரன் இல்லை, விவசாயி. இதைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. உங்க பேச்சுல எல்லாம் மழையால உங்க வேலை எத்தனை நாள் நிக்குதுன்னுதான் இருக்கு. நீங்க பாதியில விட்ட வேலையால எங்க தண்ணி நிக்கிறதையும் கொஞ்சம் பாருங்கய்யா.

எங்க ஊர்ப் பக்கம் ஒரு வேலையில புதுக்கரை போட்டாங்க, பழைய ஓடை இருந்த இடத்துல குழாய் போடுறது அடுத்த மாசம்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஐப்பசியில மழை இறங்கிட்டு. மேல இருந்து வந்த தண்ணி கரையில முட்டி, நட்டுப் பதினஞ்சு நாள்கூட ஆகாத நாத்து மேல ஒரு வாரம் நின்னுச்சு. கரைக்கு அந்தப் பக்கம் உள்ள குளத்துக்குத் தண்ணி வரத்தே இல்ல. ஒரு பக்கம் அழுகல், மறுபக்கம் காய்ச்சல். கடைசியில ஊர்க்காரங்க ஜே.சி.பி. பிடிச்சுக் கரையை வெட்டி விட்டாங்க. அவங்களுக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம்.

கரை மண்ணு போடுறதுக்கு முன்னாடியே குழாயைப் போடுங்க. வேற எது பிந்துனாலும் பரவாயில்லை. புரட்டாசி முடியுறதுக்குள்ள தண்ணி போற வழி அத்தனையும் திறந்திருக்கணும். எந்த ஓடை எந்தக் குளத்துக்குப் போகுதுன்னு ஊர்ல நீர்க்கட்டி வேலை (வயலுக்குத் தண்ணி திறந்து விடுறது) பார்த்த பெரியவரைக் கேட்டா ஒரு மணி நேரத்துல நடந்து காட்டிருவாரு. வரைபடத்துல இல்லாத ஓடை நிறைய உண்டு, பத்து வருஷம் வறண்டு கிடந்துட்டு ஒரு வருஷம் வரும்.

தாமிரபரணிக்கரை

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. எங்க அட்டவணையில் கரை வேலைக்கும் குழாய்க் கல்வர்ட்டுக்கும் இடையே தொடர்பே போடாமல் இருந்தது, ரெண்டும் தனித்தனியா ஓடுது. செப்டம்பர் 30க்குள் எல்லா நீர்வழியும் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டாய நாள் வைத்து, அது முடியாத இடத்தில் கரையை இடைவெளி விட்டு நிறுத்துவது என்று எழுதுகிறேன்.

தார்ப்பிளான்ட்

மேற்கு முனைக்கு வருவோம். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் வேலை பார்த்தவன் நான். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். மழை அளவைப் பார்த்தால் சொற்பமாக இருக்கும், சில நாள் ரெண்டு மில்லிமீட்டர், மூணு மில்லிமீட்டர். கரிசல்காட்டில் அந்த மழைக்கு யாரும் தலையைக்கூடத் துடைக்க மாட்டார்கள். தார் வேலைக்கு அது முழு நாள் இழப்பு. காரணம், கீழ்த்தளம் ஈரமா இருந்தாலே தார்க்கலவை போடக் கூடாது என்பது விதி. காலை ஒரு சாரல், பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்க்கும், தளம் காய்ந்து வரும் நேரத்தில் பதினொண்ணுக்கு அடுத்த சாரல். நாள் முழுக்க இப்படியே.

பிளான்ட்டில் கலவை 150 டிகிரிக்கு மேலே தயாராகி டிப்பரில் ஏறிவிட்டது, வழியில் தூறல். தார்ப்பாய் போட்டு மூடினாலும் மேலே ஓடு கட்டிவிடும். பேவரில் (கலவையை விரிக்கும் மெஷின்) கொட்டும்போது 140க்குக் கீழே வந்துவிட்டால் அந்த லோடு வீண். அதனால் சாரல் நாளில் பிளான்ட்டை ஓட்டலாமா வேண்டாமா என்பதைக் காலை ஆறு மணிக்கே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மேற்கில் அந்த மூணு மாசத்துக்குத் தார் வேலையே போடாதீர்கள், பூஜ்யம் என்றே எழுதுங்கள். அந்த நேரத்தில் பேவரையும் ஆட்களையும் கிழக்கே அனுப்புங்கள், அங்கே காய்ந்துதான் கிடக்கும். அக்டோபரில் கிழக்கும் நிற்கும். மேற்குக்கு ஜனவரி கடைசி முதல் மே வரை நல்ல காலம், நடுவில் கோடை மழை மட்டும் சாயங்காலத்தில் வந்து போகும்.

ஒண்ணை மறக்காதீர்கள். டபிள்யூ.எம்.எம். (ஈரமாகக் கலந்து விரிக்கும் ஜல்லித் தளம்) போட்டு மூடாமல் மழைக்காலத்துக்குள் போகவே கூடாது. ஒரு பெருமழையில் ஜல்லிக்கு நடுவில் உள்ள துகள் எல்லாம் அரித்துப் போய்விடும், மேலே வண்டி ஓடினால் கல் கல்லாகப் பெயரும். எவ்வளவு நீளத்துக்கு டி.பி.எம். (அதன் மேல் வரும் தார்த் தளம்) போட்டு மூட முடியுமோ அவ்வளவு நீளத்துக்கு மட்டும் டபிள்யூ.எம்.எம். போடுங்கள். பில்லுக்காக பத்து கிலோமீட்டர் விரித்து வைப்பது வேண்டாம்.

பணகுடிக்காற்று

மழையைப் பற்றியே எல்லாரும் எழுதுறீங்க. காத்தை யாரும் தொடவே இல்லையே!

ஆனி, ஆடியில் கயத்தாறு, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் வந்து பாருங்கள். காத்தாடி நிக்கிற ஊர் எல்லாம் சும்மாவா அங்கே வச்சிருக்காங்க? தரை மட்டத்திலிருந்து ரெண்டு மீட்டர் உயரத்தில் காத்து மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் தார்க்கலவை விரிக்கக் கூடாது என்று தர விதியிலேயே இருக்கிறது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, வேலை சட்டப்படி நிக்கணும். மேல் தளமான பி.சி. மெல்லிசு, காத்தில் நிமிஷத்தில் சூடு இறங்கிவிடும், ரோலர் வருவதற்குள் கலவை விறைத்துப் போகும். விடியலில் காத்து கொஞ்சம் அடங்கியிருக்கும், நாங்கள் அந்த நேரத்தைத்தான் பிடிப்போம்.

கான்கிரீட்டுக்குக் காத்து இன்னும் மோசம். தளம் போட்டு மட்டம் தேய்த்து முடிக்கும் முன்பே மேல்பரப்பு வெளுத்து, தலைமயிர் கனத்தில் வெடிப்பு ஓடும். சாக்கு விரித்தால் பறக்கிறது, ஓரத்தில் கல் வைத்தால் நடுவில் தூக்குகிறது. ஈரம் காயாமல் காக்கும் கியூரிங் காம்பவுண்டைத் தெளித்தால் பாதி பக்கத்து வயலுக்குப் போகிறது. காத்துப் பக்கம் தகர மறைப்பு கட்டி, சாயங்காலம் கான்கிரீட்டை ஆரம்பித்து ராத்திரியோடு முடிக்கிறோம். கர்டர் (பாலத்தின் நீள உத்திரம்) தூக்குவதற்கு கிரேன் கம்பெனி கொடுத்த காத்து வரம்பு உண்டு, அதை ஒரு மீட்டர் வைத்து அளந்து பதிவேட்டில் எழுதிய பிறகுதான் தூக்கணும். உயிர்ப் பிரச்சினை, இதில் யார் அவசரப்படுத்தினாலும் கேட்கக் கூடாது.

எங்க பக்கம் கர்டர் ஏத்துவதை ஆனி, ஆடியில் வைக்காமல் மாசி, பங்குனிக்கு வைக்கணும். அட்டவணையில் "காத்து நாள்" என்று தனியாக ஒரு காலண்டர் போடுங்கள்.

மேனேஜர்

எல்லாம் சரிதான். ஒரு கேள்வி. மழைக்கு இவ்வளவு, காத்துக்கு இவ்வளவு, வாய்க்காலுக்கு இவ்வளவு, காயுறதுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போனால் 24 மாசத்தில் எத்தனை நாள்தான் மிஞ்சும்? டெண்டரில் போட்டி போடுகிறவன் இத்தனை நாளைக் காட்டினால் மெஷின் வாடகை கூடி விலை ஏறி வேலையே கிடைக்காது. அக்டோபரில் கரை வேலையை மூடிவிடு என்று சொன்னால் அதையும் நான் ஏத்துக்க மாட்டேன். பல வருஷம் தீபாவளி வரைக்கும் நல்லாவே ஓடியிருக்கு. மூடிட்டு உக்காந்தா ஒவ்வொரு நாளும் வாடகை ஓடும்.

கரிசல்காட்டான்

நீங்க கழிச்சாலும் கழிக்காட்டியும் அந்த நாள் போகத்தான் செய்யும் சார். கழிக்காம விட்டா வாடகை குறையுமா? சும்மா நிக்கிற மெஷினுக்குத்தான் கட்டுவீங்க. முன்னாடியே தெரிஞ்சா அக்டோபர்ல பாதி டிப்பரைத் திருப்பி அனுப்பலாம். அந்த மூணு மாசத்துக்கு யார்டுக்குள்ள கர்டர் வார்க்கலாம், கூரை போட்டு வடிகால் துண்டு, கெர்ப் எல்லாம் வார்த்து அடுக்கலாம், கிரஷர்ல ஜி.எஸ்.பி. (ரோட்டு அடித்தள ஜல்லி) ஓட்டி அம்பாரம் குவிக்கலாம். வடக்கே இருந்து வர்ற தம்பிமார் தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள் சட் பூஜைக்கு எப்படியும் ஊருக்குப் போவாங்க. அந்த லீவை மழை மாசத்துல நீங்களா குடுத்து, தைக்குத் திரும்பி வர்றதுக்கு இப்பவே டிக்கெட் போட்டுக் குடுங்க. ஆளும் தங்கும், மனசும் தங்கும்.

தீபாவளி வரைக்கும் ஓடுன வருஷம் உண்டு, இல்லைங்கல. செம்மண்ல ஓட்டுங்க. கரிசல்ல செப்டம்பர் கடைசியோட மூடுங்க. திறந்து போட்ட ஒரு கிலோமீட்டர் கரிசலைத் தைமாசம் கிளறிக் காயப்போட்டு மறுபடி இறுக்குற செலவை ஒரு தடவை எழுதிப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

மேனேஜர்

கரிசலுக்கு ஒத்துக்கிறேன். செம்மண்ணுக்கு என் பேச்சுதான்.

ஒப்பந்தப்பிரிவு

சார் கேட்ட கேள்விக்கு ஒப்பந்தப் பக்கத்திலிருந்தும் பதில் உண்டு. "மழைக்காலம் உட்பட" என்று எழுதிவிட்டால், இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பெய்யும் வடகிழக்குப் பருவமழை முழுக்க ஒப்பந்ததாரரின் தலையில்தான். ஐப்பசியில் மழை பெய்தது, கால நீட்டிப்பு கொடு என்று கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். கொடுக்க வேண்டியதும் இல்லை. அசாதாரண மழைக்குத்தான் நீட்டிப்பு. அதிலும் நாள் மட்டும்தான் கிடைக்கும், பணம் கிடைக்காது. ஃபிடிக் என்கிற சர்வதேச மாதிரி ஒப்பந்தமானாலும், நம்ம தேசிய நெடுஞ்சாலை இ.பி.சி. (டிசைனும் கட்டுமானமும் ஒப்பந்ததாரருடையது) மாதிரி ஒப்பந்தத்தில் வரும் இயற்கைப் பேரிடர் பிரிவானாலும், சும்மா நின்ன மெஷின் செலவை அவரவரே தாங்கணும்.

அசாதாரணம் என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? 2017 ஃபிடிக் பதிப்பில், அந்த இடத்துக்கு வெளியிடப்பட்ட வானிலைத் தரவை வைத்துப் பார்த்தாலும் முன்கூட்டி எதிர்பார்க்க முடியாததாக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. ஆகவே மேலே அண்ணாச்சி சொன்ன பத்து வருஷ நாள்வாரிக் கணக்கு திட்டத்துக்கு மட்டுமல்ல, பின்னால் உரிமை கேட்கவும் அதுதான் அடிப்படை. திட்டத்தில் நவம்பருக்கு இத்தனை நாள் இழப்பு என்று ஆதாரத்தோடு எழுதி ஒப்புதல் வாங்கியிருந்தால், அதற்கு மேல் போன நாளைக் கோரலாம். ஒண்ணுமே எழுதாமல் இருந்தால் எங்கிருந்து எண்ணுவீர்கள்? மழைக்கு நாள் காட்டினால் வேலை கிடைக்காது என்கிறார் சார். காட்டாதவர்கள் நீட்டிப்பு கேட்டு வாங்கியதை நான் பார்த்ததில்லை.

அடுத்து, அறிவிப்பு. ஃபிடிக்கில் சம்பவம் தெரிந்த 28 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கணும். மற்ற ஒப்பந்தங்களில் இதைவிடக் குறுகிய கெடுவும் உண்டு. வெள்ளம் வடிந்து, சேறு வாரி, மெஷினை மீட்டு முடித்த பிறகு எழுதலாம் என்று இருந்தால் கெடு தாண்டிவிடும். முதல் கடிதம் ஒரு பக்கம் போதும். கணக்கெல்லாம் பின்னால் அனுப்பலாம்.

மிக முக்கியமானது ஒன்று. நிலம் ஒப்படைப்பதில் ஏப்ரலில் ஒரு மாசம் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் எல்லோரும் "ஒரு மாதத் தாமதம்" என்றுதான் எழுதுகிறார்கள். அந்த ஒரு மாதத்தால் வாய்க்கால் கல்வர்ட் கோடையைத் தவறவிட்டால் அது அடுத்த பங்குனிக்குப் போகிறது. கரிசல் கரை செப்டம்பரில் முடியாமல் ஜனவரிக்குப் போகிறது. ஒரு மாதம் என்பது நாலு மாதமோ பத்து மாதமோ ஆகிறது. வறண்ட காலத்து வேலையை மழைக்காலத்துக்குள் தள்ளிய தாமதம் யாருடையதோ, அந்த முழு நீட்டிப்பும் அந்தக் கணக்கில்தான் சேரணும். அதை நிரூபிக்க அட்டவணையிலேயே அந்தந்த வேலைக்கு அந்தந்தக் காலண்டர் கட்டியிருக்க வேண்டும். எல்லா வேலைக்கும் ஒரே காலண்டர் போட்டிருந்தால் மென்பொருள் ஒரு மாதத் தாமதத்தை ஒரு மாதமாகவேதான் காட்டும். நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் தாளிலேயே அது இருக்காது. தம்பி தனித்தனிக் காலண்டர் போடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தாமிரபரணிக்கரை

சார், இந்த நிலம் ஒப்படைப்பு விஷயம் எங்களுக்கு அப்படியே பொருந்தும். 2023 டிசம்பர் மாதிரி ஒண்ணைத் திட்டத்தில் சேர்க்கணுமா? மேலிடத்தில் கேட்கிறார்கள்.

ஒப்பந்தப்பிரிவு

நாள் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. 20 செ.மீ.யைத் தாண்டினாலே வானிலை மையம் அதி கனமழை என்று வகைப்படுத்துகிறது. அதைத் திட்டத்தில் எதிர்பார்த்திருக்கணும் என்று எந்த நடுவரும் சொல்ல மாட்டார். அது பேரிடர்ப் பிரிவிலும் காப்பீட்டிலும் போகட்டும். காப்பீட்டுப் பாலிசியில் வெள்ளத்துக்கான வரம்பையும், தற்காலிக வேலைகள் அதில் அடங்குமா என்பதையும் செப்டம்பருக்கு முன்னாடியே படித்துப் பாருங்கள்.

பழைய நெடுஞ்சாலைக்காரர்

நாள் கணக்கில் வேண்டாம் என்பது சரி. ஆனால் திட்டத்திலேயே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. நான்கு பக்கமும் தண்ணீர், உள்ளே போகச் சாலை இல்லை. அப்படி ஒரு நாளில் உங்கள் தொழிலாளர் முகாம் எங்கே இருக்கிறது? ஆற்றோரத் தோப்பில், வாடகை குறைவு என்று குளத்துக்குள் போட்டிருக்கிறீர்களா? ராத்திரி எழுப்பி எந்த மேட்டுக்கு அழைத்துப் போவீர்கள்? மொழி தெரியாத பிள்ளைகளுக்கு யார் சொல்வது? பாலத்துக்குப் பக்கத்தில் போட்ட மாற்றுப் பாதையை, தண்ணீர் ஏறினால் யார் முடிவெடுத்து எந்த மட்டத்தில் மூடுவது? இவற்றை எழுதி வைப்பதற்கு ஒரு தாள் போதும். இதை எழுதாத திட்டத்துக்கு நான் பணியில் இருந்தவரை கையெழுத்துப் போட்டதில்லை.

மாற்றுப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு குழாயைப் போட்டு மேலே மண்ணைக் குவித்து உயர்த்துவார்கள். வெள்ளம் வந்தால் செடி, மரம், வாழை எல்லாம் வந்து குழாயை அடைக்கும், தண்ணீர் முழுக்க மேலே ஏறி ஊருக்குள் திரும்பும். மாற்றுப் பாதையைத் தாழ்வாகவே போடுங்கள், வெள்ளம் மேலே வழிந்து போகட்டும், ஓரத்தில் மட்டும் கல் பாவுங்கள். இரண்டு நாள் போக்குவரத்து நிற்கும், ஊர் தப்பிக்கும்.

ஆற்று வேலைக்கு மழைமானிக் கணக்கு மட்டும் போதாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சைட்டில் மழையே இல்லாமல் வெள்ளம் வந்தால் மழைக் கணக்கைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. பழைய பாலத் தூணில் அடி அளவு வரைந்து தினமும் காலை, மாலை படம் எடுத்து வையுங்கள். நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோவில் எதுவரை முழுகியது என்று ஊரே வெள்ளத்தை அளந்து பேசும். கடிதத்துக்கு அது ஆகாது, தூணில் வரைந்த அளவு ஆகும்.

தாமிரபரணிக்கரை

இதுவரை வந்ததை வைத்து ஆறு காலண்டர் கட்டியிருக்கேன்: கரிசல் மண் வேலை, செம்மண் மண் வேலை, மேற்கு தார், கிழக்கு தார், வாய்க்கால் கல்வர்ட், ஆத்து அஸ்திவாரம். கர்டர் ஏத்துவதற்கு ஏழாவதா காத்துக் காலண்டர். மூணு நிலையத்து நாள்வாரி மழைக்கும் விண்ணப்பம் போட்டாச்சு. வாய்க்கால் அடைப்புக்கான கடிதத்தைத் தை மாசத்துக்கு வைக்காமல் மார்கழியிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கேன்.

கரிசல் காய எத்தனை நாள் என்பதில்தான் தயக்கம். மூணு நாள் என்று எழுதினால் கன்சல்டன்ட் ஆதாரம் கேட்பார். எப்படிக் காட்டுவது?

மண்பரிசோதனை

சைட்டிலேயே அளந்து காட்டுங்கள். இப்போது போட்டிருக்கிற கரையில் கொஞ்ச நீளத்தை எடுத்து, அடுத்த கோடை மழை பெய்ததும் தினமும் காலை, சாயங்காலம் மேல் லேயரில் 50 மி.மீ., 150 மி.மீ. ஆழத்தில் ஈரம் பாருங்கள். உகந்த ஈரத்துக்குள் எத்தனையாவது நாளில் திரும்பி வருகிறது என்று வரையுங்கள். 10 மி.மீ. மழைக்கு ஒரு கோடு, 40 மி.மீ. மழைக்கு ஒரு கோடு. கன்சல்டன்ட்டின் லேப் ஆளையும் கூட வைத்து எடுத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கார்த்திகை வெயில் சித்திரை வெயில் இல்லை, மழைக்காலத்தில் காய இன்னும் அதிக நாள் ஆகும். அதனால் முதல் மழைக்காலத்திலும் ஒரு தடவை எடுத்துத் திட்டத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

தாமிரபரணிக்கரை

நன்றி சார், இதைச் செய்துவிடலாம். மழைமானியை முகாம் ஆபீஸ் மாடியில் வைக்கலாமா? கீழே ஆடு மாடு வருது.

பழைய நெடுஞ்சாலைக்காரர்

மாடியில் வேண்டாம், காற்று சுழித்து அளவு குறையும். தரையில் திறந்த இடத்தில் வையுங்கள், பக்கத்துக் கட்டடமோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்கட்டும். சுற்றிக் கம்பி வேலி போடுங்கள். தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும், வானிலை மையமும் அந்த நேரத்துக்குத்தான் அளக்கிறது, அப்போதுதான் அவர்கள் கணக்கோடு ஒப்பிட முடியும். மழை இல்லாத நாளிலும் "0" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் வேலைக்கு ஒன்று போதாது, மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று வையுங்கள்.

கரிசல்காட்டான்

கிழக்கு மழைமானிக்கு வாட்ச்மேன் ஒருத்தரை நிரந்தரமா வைங்க தம்பி, லீவு நாள்லயும் எழுதணும். ஞாயித்துக்கிழமை விட்டுட்டு திங்கக்கிழமை ரெண்டு நாளுக்கும் சேர்த்து அளந்து எழுதுற பழக்கம் பல சைட்ல இருக்கு. அந்த நோட்டு எந்தக் கேஸ்லயும் நிக்காது.